வெந்த பயறும் வேந்தரும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அரசர் என்றால் போர்க்களமும் புகழ்மாலையும் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நாம் எடுத்துக்கொண்ட அரசர்கள் இருவர். இருவரையும் மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது அடுப்பங்கரையே!

முதலாமவர், இங்கிலாந்தில் வெசெக்ஸ் நாட்டை 871 முதல் 899 வரை ஆண்ட ஆங்கிலோ-சாக்ஸன் மன்னர் ஆல்பிரட். 878-இல் டேனியரிடமிருந்து தப்பிச் சதுப்பு நிலத்தில் மறைந்திருந்தபோது, ஒரு குடிசையில் தஞ்சம் புகுந்தாராம். வீட்டுக்காரி அடுப்பில் அப்பத்தை இட்டு, "பார்த்துக்கொள்" என்றாளாம். மன்னர் நாட்டை எண்ணியிருக்க, அப்பம் கருகிற்று. ஆள் இன்னாரென்று அறியாத அம்மாள் வாயார வைதாளாம். அவ்வாண்டே அவர் டேனியரை வென்றார். ஆயினும் பள்ளிப் பிள்ளைகள் மறவாதது கருகிய அப்பத்தையே! கதை ஏட்டில் ஏறியதோ அவர் மறைந்து நெடுங்காலம் கழித்துத்தான்.

இரண்டாமவர் 1173-இல் அரியணை ஏறிய ஹொய்சள மன்னர் இரண்டாம் வீர வல்லாளர். வேட்டையில் வழிதவறிப் பசியால் வாடியவருக்கு ஒரு கிழவி வெந்த பயறு படைத்தாளாம். மகிழ்ந்த மன்னர் இவ்விடத்துக்குப் 'பெந்த காளூரு' எனப் பெயரிட, அதுவே பெங்களூர் ஆயிற்றாம். கன்னடத்துப் 'பெந்த' நம் 'வெந்த' அன்றோ? சமையற்கட்டில் இரு மொழிக்கும் பேதமில்லை!

கதை சுவையானது, காலக்கணக்குத்தான் இடிக்கிறது. பேகூர் நாகேசுவரர் ஆலயத்திலுள்ள கங்கர் கால நடுகல், சுமார் 890-ஆம் ஆண்டினது, 'பெங்களூர்ப் போர்' ஒன்றைக் குறிக்கிறது. அஃது ஆல்பிரட் ஆண்ட காலம்! ரயில்வே குமாஸ்தா வேலையில் நரைகண்ட நமக்கு இஃது எளிதில் விளங்கும். வல்லாளரின் வண்டி ஏறத்தாழ முந்நூறு ஆண்டு தாமதம். அவர் வந்து இறங்குமுன்பே நிலையத்தில் ஊர்ப் பெயர்ப் பலகை மாட்டியாகிவிட்டது!

அந்நடுகல் எந்த அரசனின் பசியையும் கூறவில்லை. நாகத்தரன் என்னும் தலைவனின் வீட்டைச் சார்ந்த ஒருவன் அப்போரில் மடிந்ததையே கூறுகிறது. இவ்வூர்ப் பெயரைக் கல்லில் நிறுத்தியது வேந்தன் உண்ட பயறு அன்று. ஒரு வீரன் ஈந்த உயிர்.

அங்ஙனமாயின் கிழவி கதையைத் தள்ளிவிடலாமோ? வேண்டா என்போம். காலக்கணக்கில் பிழையாயினும் பண்பில் அது மெய். வந்தவன் எந்த நாட்டான், எந்த மொழியான் என்று அவள் வினவவில்லை. பசியைக் கண்டாள், பயறு படைத்தாள். ஆயினும் இரு கதையிலும் அரசர் பெயர் உண்டு. அடுப்பில் நின்றவள் பெயர் இல்லை.

நம் மேடைகளில் சேர சோழ பாண்டியர் பெயர்கள் முழங்கட்டும். ஆனால் டிரங்குப் பெட்டியோடு இவ்வூரில் வந்திறங்கிய நாளில், "ஊட்ட ஆயிதா?" என்று நம்மைக் கேட்ட அண்டை வீட்டுக் கன்னடத் தாயின் பெயரை நம் பிள்ளைகள் அறிவார்களா? இன்றிரவு உணவு வேளையில் அதனைச் சொல்லி வையுங்கள். மறந்தோமாயின், அப்பத்தைக் கருகவிட்ட பழி ஆல்பிரட்டினுடையது மட்டுமன்று, நம்முடையதும் ஆகும்.