கைமாறி வந்த கித்தார்



பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் வீட்டுச் சிக்கனத்தைப் பற்றியும் பேசவேண்டிய தோட்டத்து வாத்தியார் இன்று கித்தாரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று தாய்மார்கள் சிலர் நினைக்கலாம். கேளுங்கள். இதிலும் படிப்பு இருக்கிறது, சிக்கனமும் இருக்கிறது. ஒரு தாயாருடைய பணம் நம்முடைய அறியாமையால் வீணான கதையும் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

நாம் பணியாற்றும் தோட்டத்தில் ஐந்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு சிறு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளியின் பரிசளிப்பு விழா என்றால் அவர்கள்தாம். அவர்களில் ஒருவன் நம்மிடம் படித்தவன். தந்தை இல்லை. தாயார் பால்மரம் வெட்டுகிறார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மாலையில் வீட்டு வேலையும் பார்த்து, மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்த பணத்தில் 650 வெள்ளியை மகன் கையில் கொடுத்து, "பேஸ் கித்தார் வாங்கணும்கிறான் சார், நீங்களும் கூடப் போய்ப் பார்த்து வாங்கிக் கொடுங்க" என்றார்.

போனோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற வாத்தியம் ரெக்கார்டர் என்னும் குழல் ஒன்றுதான். ஆனாலும் தெரிந்தவர்போல நின்றோம். பட்டணத்துக் கடையொன்றில் கண்ணாடிபோல் மின்னிய புதுக் கித்தார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நிறம் நன்றாக இருந்தது. வாங்கிவிட்டோம். நான்கு மாதம் ஆவதற்குள் அதன் கழுத்து வில்போல் வளைந்துவிட்டது. கம்பிகள் கட்டையை விட்டு எழும்பி நின்றன. அழுத்தி அழுத்திப் பையனின் விரல் நுனிகள் சிவந்துபோயின. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனபோது, கழுத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பியின் திருகை அவர் தொட்டுப் பார்த்து, "இது ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டிருக்கிறது, இனி திருப்ப இடமில்லை" என்றார். கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்தார்.

அந்தத் தாயார் நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழியில் பார்த்தால் முன்போலவே வணக்கம் சொன்னார். அதுதான் நமக்குப் பெரும் சுமையாக இருந்தது. இரண்டாம் முறை வாங்குவதானால் கற்றுக்கொண்டுதான் வாங்குவது என்று பையனும் நாமும் முடிவு செய்தோம். ஏறக்குறைய ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அவனும் எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து தன் பங்குக்குச் சேர்த்தான்.

பேஸ் கித்தார் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். சாதாரணக் கித்தாருக்கு ஆறு கம்பிகள். இதற்குப் பெரும்பாலும் நான்கே. கம்பிகள் தடித்தவை, கழுத்து நீண்டது. சாதாரணக் கித்தாரின் அடிக்கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸ் கித்தாரின் அடிக்கம்பி அதில் பாதி, ஏறத்தாழ 41 முறைதான் அதிர்கிறது. ஆகவே அதன் குரல் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும். முற்காலத்தில் மேல்நாட்டு இசைக்குழுக்களில் இந்த வேலையை ஆளுயரம் நிற்கும் டபுள் பேஸ் என்னும் பெரிய வாத்தியம் செய்துவந்தது. அதைத் தூக்கிச் செல்வதும் சிரமம்; மற்ற வாத்தியங்களின் இரைச்சலில் அதன் ஒலி எடுபடுவதும் சிரமம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த லியோ பெண்டர் என்பவர், தோளில் மாட்டிக்கொண்டு மின்சாரத்தால் ஒலிக்கச் செய்யும் பேஸ் கித்தாரை 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல இதிலும் மெட்டுகள் இருப்பதால், விரல் வைத்த இடத்தில் சுரம் பிசகாமல் வரும். அதனாலேயே அதற்குப் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பெயரிட்டார். வானொலி பழுது பார்த்தவர் கையில் பிறந்த வாத்தியத்தைப் பற்றி வானொலியில் பேசுவது பொருத்தம்தானே!

திரைப்பாடல் கேட்கும் நம் மக்களுக்கு இதன் ஒலி புதிதன்று, பெயர்தான் புதிது. 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் திரைக்கு வந்த இளையராஜாவின் பாடல்களை, அதிலும் 1980களில் வந்தவற்றை, அடுத்த முறை கேட்கும்போது பாடகரின் குரலைச் சற்று மறந்துவிட்டு அடியில் ஓடும் ஒலியைக் கவனியுங்கள். குரல் ஒரு வழியில் போகும். அடியில் இன்னொரு மெட்டு தனியாக நடந்து போய்க்கொண்டிருக்கும். அதுதான் பேஸ். அது நின்றுவிட்டால் பாட்டு தரையை விட்டுத் தூக்கிய கட்டில்போல் ஆடும்.

இனி தேடிய கதை. அதே 650 வெள்ளிக்கு இன்னொரு புதுக் கித்தார் வாங்கலாமா என்று யோசித்தபோது, அந்தப் பழுது பார்ப்பவர்தாம் ஒரு வழி சொன்னார். "மலிவான புதியதைவிட நல்ல இடத்தில் செய்த பழையதைத் தேடுங்கள். 1970களிலும் 80களிலும் ஜப்பானில் செய்தவை அகப்பட்டால் விடாதீர்கள்" என்றார்.

ஜப்பானில் நாகானோ மாநிலத்தில் மட்சுமோட்டோ என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே மட்சுமோக்கு என்னும் தொழிற்சாலை முன்பு சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தது. ஆம், நம் பாட்டிமார் வீட்டில் துணி போர்த்தி வைத்திருந்தார்களே, அந்தச் சிங்கர்தான். மரவேலையில் கைதேர்ந்த அவர்கள் பின்பு கித்தார் செய்தார்கள். ஆரியா புரோ என்னும் பெயரில் வந்த பல கித்தார்கள் அங்கே உருவானவை. 1987இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே நகரில் பூஜிஜென் என்னும் இன்னொரு தொழிற்சாலையும் நல்ல பெயர் பெற்றது. 1982இல் பெண்டர் நிறுவனமே தன் கித்தார்களை ஜப்பானில் செய்விக்கத் தொடங்கியபோது அவற்றைச் செய்தவர்கள் இவர்கள்தாம். யமஹாவின் பி.பி. வரிசைப் பேஸ் கித்தார்களும் அக்காலத்தவை. இப்படிப்பட்டவற்றை அந்நாளில் ஹோட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் வாசித்தவர்கள் சிலர் இன்னும் பெட்டியோடு வைத்திருக்கிறார்கள்.

பினாங்கு லோரோங் கூலிட் பழஞ்சந்தைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். பழைய கடிகாரம், நாணயம், கிராமபோன் தட்டு எல்லாம் இருந்தன. நமக்கு வேண்டியது இல்லை. சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழஞ்சந்தை இருந்த காலமானால் அங்கும் ஒருமுறை போய்ப் பார்த்திருப்போம். அது 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. கைத்தொலைபேசியில் வந்த விளம்பரம் ஒன்றில் மிகக் குறைந்த விலை போட்டு, முதலில் பாதிப் பணம் அனுப்பச் சொன்னார்கள். பையனுக்கு ஆசை. நாம் தடுத்துவிட்டோம். பொருளைக் கையில் பிடிக்காமல் காசு கொடுப்பதில்லை என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம்.

கடைசியில் பட்டர்வொர்த்தில், முன்பு இசைக்குழுவில் வாசித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் கித்தாரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, பையன், தாயார், நாம் மூவரும் பேருந்தில் போனோம். தாயார் தாமே வருவதாகச் சொன்னார். முதல் தடவை நம்மை நம்பி அனுப்பியவர் அல்லவா!

பெட்டியைத் திறந்தார். தலைப்பகுதியில் ஆரியா புரோ என்று இருந்தது. வர்ணம் சில இடங்களில் தேய்ந்திருந்தது. கழுத்துக் கட்டை உடலின் நடுவே கடைசிவரை ஒரே துண்டாக ஓடியது. வெளிறிய மரமும் கறுத்த மரமும் பட்டை பட்டையாக ஒட்டிச் செய்தது. இத்தகைய கழுத்து எளிதில் வளையாது. ஆனால் கெட்டுவிட்டால் கழற்றி மாற்றவும் முடியாது. எனவே, கற்றதையெல்லாம் காட்டிச் சோதித்தோம்.

தச்சர் பலகையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாரே, அப்படிக் கழுத்தின் இரு ஓரங்களையும் தலைப்பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். சற்று வளைந்திருந்தால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம், அந்தத் திருகு இன்னும் திரும்புமானால். முறுக்கிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து, ஒரு கம்பியை முதல் மெட்டிலும், உடலை ஒட்டிய கடைசி மெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பி அடிக்கோல்போல் நேராக நிற்கிறது. நடுவில், ஏழாவது எட்டாவது மெட்டருகே, கம்பிக்கும் மெட்டுக்கும் இடையில் ஓர் அழைப்பிதழ் அட்டை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. நாணயம் நுழையுமானால் வளைவு அதிகம். பிறகு 12ஆவது மெட்டுக்கு நேராகக் கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி அடித்ததுபோல் ஒரு சுரம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் வரவேண்டும். வராவிட்டால் வாத்தியம் சுருதி சேராது. இதையும் பெரும்பாலும் கீழேயுள்ள பாலத்தில் கம்பியின் நீளத்தை மாற்றிச் சரிசெய்யலாம். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் வாசித்து எங்கேனும் ஊமையாகிறதா, கிறீச்சிடுகிறதா என்று கேட்கவேண்டும். நேரமாகும், விற்பவர் முகம் சுளித்தாலும் விடக்கூடாது.

பெரியவர் முகம் சுளிக்கவில்லை. தாமே ஆம்பிளிபையரில் இணைத்து ஒலித் திருகைத் திருப்பிக் காட்டினார். கரகர என்றது. "தூசிதான், துப்புரவு செய்தால் போய்விடும். ஆனால் குறையைச் சொல்லிவிடவேண்டும்" என்றார். பாலத்தில் துரு இருந்ததையும் காட்டினார். விலை 1500 வெள்ளி என்றார். நம்மிடம் இருந்தது 1200.

நாம் மெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த வேளையில் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏண்ணே இதை விக்கிறீங்க?"

பெரியவர் தம் இடக்கையை நீட்டினார். "வெரல் மடங்க மாட்டேங்குது தங்கச்சி. பேரப்பிள்ளைங்க யாரும் தொடுறதில்ல. பெட்டிக்குள்ளேயே கெடந்தா கெட்டுப் போயிடும்." பிறகு பையனைப் பார்த்து வாசிக்கச் சொன்னார். அவன் பயந்துகொண்டே ஒரு பழைய பாட்டின் அடி மெட்டை வாசித்தான். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். "அவசரப்படுறான்" என்றார். தாயார் பேரம் பேசவில்லை. 1200ஐ எண்ணிக் கொடுத்து, மீதியை மாதம் 100 வீதம் மூன்று மாதத்தில் மகனே கொண்டுவந்து தருவான் என்றார். திருட்டுப் பொருளா, அடகு மீளாத பொருளா என்பதையெல்லாம் அறிய நாம் என்னென்னவோ கேட்கத் திட்டமிட்டிருந்தோம். அம்மையாரின் ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துவிட்டது. பழைய பொருள் வாங்கப் போகும்போது வீட்டுப் பெண்களை அழைத்துப் போங்கள் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறோம்.

அந்த மாதம் 100 வெள்ளி பாடக் கட்டணம் போலவே ஆயிற்று. பணம் கொடுக்கப் போன ஒவ்வொரு முறையும் பெரியவர் அவனை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார். முதல் பாடம், ச, ப, மேல் ச மூன்றும்தான். எந்த மெட்டில் ச இருக்கிறதோ, அதற்கு அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு மெட்டு தள்ளிப் ப இருக்கும். அதற்கும் அடுத்த கம்பியில் அதே மெட்டில் மேல் ச. கழுத்தில் எங்கே தொடங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. இம்மூன்றை மட்டும் வைத்து ஒரு முழுப் பாட்டுக்கும் துணை வாசிக்கலாம். இரண்டாவது பாடம், வாசிக்காத கம்பியை விரலால் அமர்த்தி வைப்பது. மூன்றாவது, தாளத்தைக் கேட்பது. எங்கள் தோட்டத்தில் உறுமி அடிப்பவர் பையனுக்கு மாமன் முறை. அவர் உறுமியைத் தேய்க்க, இவன் அதே குமுறலைக் கம்பியில் தேடிப் பிடிக்க, இருவரும் மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். அது நமக்குக் கொஞ்சம் தொல்லைதான்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கித்தாரை வீட்டு வானொலியிலோ சிறிய ஒலிபெருக்கியிலோ இணைத்துச் சத்தமாக வாசிக்காதீர்கள். பையன் முதல் கித்தாரை அப்படி இணைத்துத் தாயாருடைய வானொலியின் ஒலிபெருக்கித் தாளைக் கிழித்துவிட்டான். கோயிலின் புனல் ஒலிபெருக்கியில் இணைத்தபோதோ ஒன்றுமே கேட்கவில்லை. இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் புனல் வெளியிடாது. பேஸுக்கென்றே செய்த ஆம்பிளிபையர் வேண்டும். அதையும் பழையதாகவே வாங்கலாம். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நம் நாட்டு ஈரக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் துரு விரைவில் ஏறும். அடுப்படிச் சுவரிலோ வெயில் படும் சன்னலோரத்திலோ மாட்டவேண்டாம்.

கடன் தீர்ந்த பிறகும் பையன் பட்டர்வொர்த் போவதை நிறுத்தவில்லை. சென்ற திருவிழாவுக்குப் பெரியவரே பேருந்தில் வந்திருந்தார். பையில் ஒரு புதுக் கம்பிக் கட்டு, அறுந்தால் மாட்ட. மேடைக்குப் பக்கத்தில், மின்னாக்கி இரைச்சலுக்கு அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தாயார் காப்பி கொண்டுபோய்க் கொடுத்து, "ஏன் வித்தோம்னு இருக்காண்ணே?" என்று கேட்டார்.

"பேசாம இரு தங்கச்சி, பாட்டு ஓடுது" என்றார் பெரியவர்.