யோசேப்பின் வெற்றி



கடவுள் உடனிருப்பவர்க்கு வெற்றி உண்டு என்பது விவிலியத்தில் பல இடங்களில் ஒலிக்கும் கருத்தாகும். ஆயின், அவ்வெற்றி யாது? செல்வமும் பதவியும் சேர்வதே வெற்றியெனின், நோயிலும் வறுமையிலும் உழல்வோரைக் கடவுள் கைவிட்டுவிட்டார் என்றன்றோ கொள்ள நேரும்? துன்புறுவோர் நெஞ்சை மேலும் புண்படுத்தும் இம்முடிவு சரியானதா? ஆதியாகமம் கூறும் யோசேப்பின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்கு 'அவர் மேலும் கூட்டித் தருவாராக' என்பது பொருள். தேம்பாவணியின் தலைவராகிய சூசையப்பரின் பெயரும் இதுவே. ஆதலின் வீரமாமுனிவர் அவரை 'வளன்' எனத் தமிழ்ப்படுத்தினார். ஆதியாகமத்து யோசேப்போ, பெயரில் வளத்தைத் தாங்கியும் வாழ்வில் இழப்பையே முதலில் கண்டவன்.

பதினேழு வயதில் தந்தையின் செல்ல மகனாயிருந்த அவனை, உடன்பிறந்தார் அழுக்காற்றால் 20 வெள்ளிக்காசுக்கு விற்றனர். எகிப்தில் பார்வோனின் காவலர் தலைவனாகிய போத்திபாரின் வீட்டில் அவன் அடிமையானான். இந்நிகழ்ச்சியைக் கூறும் 39ஆம் அதிகாரத்தின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. கடவுள் யோசேப்புடன் இருந்தார் என்னும் செய்தி அதில் நான்கு முறை வருகின்றது. தொடக்கத்தில் இருமுறை, இறுதியில் இருமுறை. முன்னிரண்டும் அடிமை வாழ்வைப் பற்றியன. பின்னிரண்டும் சிறைவாழ்வைப் பற்றியன. அரண்மனையைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை.

இவற்றிற்கு இடையில் அமைந்ததே சோதனை. தலைவனின் மனைவி அழைத்தபோது யோசேப்பு மறுத்தான். தன்னை நம்பி வீட்டையே ஒப்படைத்தவனுக்கு இரண்டகம் செய்வது ஒன்று, கடவுளுக்கு எதிராகப் பாவம் செய்வது மற்றொன்று என இரு காரணங்களை அவன் காட்டினான். அந்நேர்மைக்குக் கிடைத்த பரிசு பொய்ப்பழியும் சிறையும். கடவுள் உடனிருந்தமையால் பழி விலகவில்லை; சிறைக்கதவும் உடனே திறக்கவில்லை. எனினும், அவன் செய்வதை வாய்க்கச் செய்தார் என்பதைக் குறிக்க, எபிரேய மூலம் போத்திபாரின் வீட்டிற்கு ஆண்ட அதே வினைச்சொல்லையே சிறைக்கும் ஆள்கின்றது. இடம் தாழ்ந்தது, வெற்றி தாழவில்லை. ஏனெனில், சிறையிலும் அவன் நம்பத்தக்கவனாகவே இருந்தான்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கடவுள் தன்னோடு இருப்பதாக யோசேப்பு எங்கும் பெருமை பேசவில்லை. நூலாசிரியர் அதைக் கூறுகிறார், போத்திபார் கண்டறிகிறான், பின்னாளில் பார்வோனும் உணர்கிறான். கனவின் பொருளை உரைக்குங்கால்கூட, அது தன் ஆற்றலன்று, கடவுளுடையது என்றே யோசேப்பு மொழிகிறான். இறையுடனிருப்பு பறைசாற்றிக்கொள்ளும் பட்டமன்று; பிறர் கண்டுணரும் பண்பு.

உதவி பெற்ற பானபாத்திரக்காரன் அவனை மறந்தான். மேலும் இரண்டாண்டுகள் கழிந்தன. பார்வோன் முன் நின்றபோது யோசேப்புக்கு வயது முப்பது. இடைப்பட்ட 13 ஆண்டுகளையும் கடவுள் இல்லாத காலமென நூல் கருதவில்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

பதவி வந்தபின் அது எதற்குப் பயன்பட்டது? செழிப்பான ஏழாண்டுகளில் விளைச்சலில் ஐந்திலொரு பங்கு சேமிக்கப்பட்டது. தொடர்ந்த ஏழாண்டுப் பஞ்சத்தில் எகிப்தியரும் அயல்நாட்டாரும் உணவு பெற்றனர். முன்பு போத்திபாரின் வீடு அவன் பொருட்டு வாழ்த்துப் பெற்றது. பின்பு நாடே பசியாறிற்று. விற்ற உடன்பிறந்தாரே தானியம் நாடி வந்தபோது, முதலில் அவர்களைச் சோதித்தாலும், முடிவில் அவன் பழிவாங்கவில்லை. கட்டித் தழுவி அழுதான். அவர்கள் எண்ணிய தீமையைக் கடவுள் பலர் உயிர்காக்கும் நன்மையாக மாற்றினார் எனத் தேற்றினான்.

எனவே, விவிலியம் காட்டும் வெற்றிக்கு மூன்று அடையாளங்களைக் கூறலாம்: சோதனையில் நேர்மை, தாழ்விலும் கடமை, உயர்விலும் மன்னிப்பு. அரியணைக்கு அருகில் அமர்ந்த நாளில் மட்டும் யோசேப்பு வென்றானல்லன்; விலங்கு பூண்டிருந்த நாளிலேயே வென்றுவிட்டான். துன்பத்தில் இருப்போரை நோக்கிக் கடவுள் உங்களைவிட்டு அகன்றார் என்று சொல்ல, இவ்வரலாற்றைக் கற்ற எவர்க்கும் நா எழாது.