ஒரு திறவுகோலும் பல கதவுகளும்



தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் இரும்புலியூர் இருக்கிறது. மதுரவாயல் பக்கமிருந்து வரும் புறவழிச் சாலை அப்பெருஞ்சாலையோடு கலப்பது அவ்வூரின் அருகேதான். அங்கே ஓரமாக நின்று பார்ப்பவர்க்குச் சரக்கு வண்டிகள் மட்டுமே தென்படும். ஆனால், ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. விற்றவர் யார், வாங்கியவர் யார், வரி எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்னும் கணக்கு அது. முன்னாளில் இக்கணக்கு பேரேட்டில் இருந்தது. பேரேடு இரும்புப் பெட்டியில் இருந்தது. பெட்டியின் சாவி முதலாளியின் இடுப்பில் இருந்தது. இன்று பேரேடு கணினிக்குள் புகுந்துவிட்டது. அப்படியானால் சாவி எங்கே போயிற்று? அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அச்சாலையோரத்தில் வண்டி உதிரிப் பாகங்கள் விற்கும் சிறிய கம்பெனி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு எழுத ஒரு மென்பொருள். சரக்கிருப்புப் பார்க்க மற்றொன்று. சம்பளப் பட்டியலுக்கு இன்னொன்று. வாடிக்கையாளர்க்குக் கடிதம் எழுத வேறொன்று. நான்குக்கும் நான்கு கடவுச்சொற்கள். அங்கு வேலை பார்ப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு தாளில் நான்கையும் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். அல்லது, முதலாளியின் பெயரையும் கடவுச்சொல்லையுமே எல்லாரும் பயன்படுத்துவார்கள். வேலை தடையின்றி நடக்கும்.

ஒரு நாள் காலையில் 84,000 ரூபாய் பில் ஒன்று 48,000 ரூபாய் என்று திருத்தப்பட்டிருப்பது தெரிகிறது. திருத்தியவர் யார்? கணினி முதலாளியின் பெயரைக் காட்டுகிறது. முதலாளியோ திருத்தவில்லை. கடவுச்சொல் அறிந்தவர் மூவர். ஐயம் யார்மீது விழும்? நேற்று வேலைக்கு வந்த இளைஞன்மீதுதான் விழும். ‘நான் செய்யவில்லை’ என்று அவன் சொல்லலாம். மெய்ப்பிக்க அவனிடம் ஒன்றுமில்லை. அந்த இளைஞனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவனிடம் மீண்டும் வருவோம்.

கடவுச்சொல்லின் வரலாறே சுவையானது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் ஒரே காலத்தில் பயன்படுத்தும் முறையை 1961-இல் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் செய்து காட்டினர். ஒவ்வொருவருடைய கோப்பும் அவரவர்க்கே உரியதாக இருக்க வேண்டும் என்பதற்காக அங்கே கடவுச்சொல் வந்தது. அடுத்த ஆண்டிலேயே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார்! பூட்டு பிறந்த மறு ஆண்டிலேயே கள்ளச்சாவியும் பிறந்துவிட்டது.

பல கடவுச்சொற்களால் விளையும் இத்தொல்லைக்கு அறிஞர் கண்ட வழியே ‘ஒற்றை உள்நுழைவு’. ஓர் இடத்தில் மட்டும் நம் அடையாளத்தை மெய்ப்பித்துவிட்டால், அவ்விடத்தை நம்பும் பிற இடங்களெல்லாம் நம்மை உள்ளே விடும். இது எப்படி இயலும்? இராம காதையை நினைத்துப் பாருங்கள். அசோக வனத்தில் இருந்த சீதைக்கு அனுமன் முன்பின் அறியாதவன். அவனை அவள் நம்பியது எதனால்? அவன் காட்டிய கணையாழியால். அதை அளித்தவனை அவள் அறிவாள். அளித்தவன்மீது வைத்த நம்பிக்கை, கொண்டுவந்தவனுக்குக் கதவைத் திறந்தது.

நம் கம்பெனியிலும் அப்படித்தான். சரக்கிருப்பு மென்பொருளைத் திறக்கும் ஊழியரை, அது கணக்கு மென்பொருளின் வாயிலுக்கு அனுப்புகிறது. அவர் அங்கே மட்டும் கடவுச்சொல்லைத் தருகிறார். கணக்கு மென்பொருள், ‘இவர் இன்னார்’ என்று மின்முத்திரை இட்ட ஒரு சீட்டை வழங்குகிறது. சரக்கிருப்பு மென்பொருள் முத்திரையைச் சரிபார்த்து வழிவிடுகிறது. கடவுச்சொல் எதுவென்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கணையாழிக்கும் இச்சீட்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கணையாழி என்றும் இருக்கும். சீட்டோ சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும். திருடன் கையில் சிக்கினாலும் நெடுநாள் பயன்படாது.

இதற்கான பொது விதிகள் ஒரே நாளில் அமைந்தவை அல்ல. 1980-களில் எம்.ஐ.டி.யில் ‘கெர்பரோஸ்’ என்னும் சீட்டு முறை உருவாயிற்று. 2012-இல் ‘ஓஆத் 2.0’ என்னும் விதி, ஒரு மென்பொருளின் தகவலை மற்றொன்று பார்க்க அனுமதி தரும் வழியை வகுத்தது. 2014-இல் வந்த ‘ஓப்பன் ஐடி கனெக்ட்’, வந்திருப்பவர் யார் என்பதை அறிவிக்கும் வழியை வகுத்தது. நியூசிலாந்தில் 2006-இல் தொடங்கிய ஜீரோ என்னும் கணக்கு மென்பொருள் நிறுவனம், தன் வாயில் வழியே பிற தொழில் மென்பொருள்களுக்குள் நுழையும் வசதியை இவ்விதிகளின்படியே தருகிறது.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. இரும்புலியூரிலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரையும் ஊரப்பாக்கத்தையும் கடந்தால் கூடுவாஞ்சேரி வரும். அதை அடுத்து, 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தோன்றி, 2009-இல் பெயர் மாறிய ஜோஹோ நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. 2011-இல் அது வெளியிட்ட கணக்கு மென்பொருளும், அதன் சரக்கு, சம்பளம், வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருள்களும் ஒரே பயனர் கணக்கால் திறக்கின்றன. இந்திய அரசும் 2022 ஜூலையில் ‘மேரி பெஹ்சான்’ என்னும் ஒற்றை உள்நுழைவை அறிமுகப்படுத்தி, அரசுச் சேவைகள் பலவற்றுக்கு ஒரே வாயில் அமைத்தது.

நன்மை இவ்வளவு என்றால் தீமையே இல்லையா? உண்டு. பல சாவிகளில் ஒன்று தொலைந்தால் ஒரு கதவுதான் திறக்கும். ஒரே சாவி தொலைந்தால் எல்லாக் கதவுகளும் திறக்கும். தலைவாயில் பழுதானால் எல்லா அறைகளும் ஒருங்கே அடைபடும். ஆகவே இச்சாவிக்குக் காவல் கூடுதலாக வேண்டும். கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் எண் போன்ற இரண்டாம் சான்றும் வேண்டும். வாயிலைக் கடந்தவரெல்லாம் எல்லா அறைகளிலும் நுழையலாகாது. சரக்கு எண்ணுபவர்க்குச் சம்பளப் பட்டியல் எதற்கு? புதிய மென்பொருள் ஒன்று, ‘உம் பில்களை நான் படிக்கலாமா?’ என்று அனுமதி கேட்கும்போது, படித்துப் பாராமல் ‘ஆம்’ என்று அழுத்தலாகாது. வேலையை விட்டு நீங்கியவரின் சாவியை அன்றே திரும்பப் பெற வேண்டும். ஒற்றை உள்நுழைவில் இது எளிது. ஓரிடத்தில் அடைத்தால் அதைச் சார்ந்த கதவுகளில் அவர் மீண்டும் நுழைய இயலாது.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. ஒரு திறவுகோல் என்றால் ஓர் ஆளுக்கு ஒன்று என்பது பொருள். ஓர் அலுவலகத்துக்கு ஒன்று என்பதன்று. முன்பு சுவரில் ஒட்டிய நான்கு சொற்களுக்குப் பதிலாக இப்போது ஒரு சொல்லை ஒட்டினால், நோய் தீரவில்லை, முற்றியிருக்கிறது.

இனி நம் இளைஞனிடம் வருவோம். 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும் என்பது சட்ட விதி. அப்பதிவை நிறுத்திவைக்கவும் வழி இருக்கலாகாது. நல்ல விதிதான். ஆனால், மூவர் ஒரே பெயரில் நுழைந்தால் அப்பதிவு யாரைக் காட்டும்? மூவரும் தத்தம் பெயரில் நுழைந்திருந்தால், அந்த இளைஞன் வாய் திறவாமலே அவனுக்காகப் பதிவேடு பேசியிருக்கும். மதுரையில் கோவலன் வீழ்ந்தது எதனால்? அவன் கையிலிருந்த சிலம்பு யாருடையது என்று யாரும் உடைத்துப் பாராமையால் அன்றோ? ஆராயாத அடையாளம் அன்று ஓர் உயிரைக் குடித்தது.

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் நாளை அலுவலகங்களில் அமரப்போகிறீர்கள். முதல் நாளே யாரேனும் அன்போடு, ‘தம்பி, என் கடவுச்சொல்லையே போட்டுக்கொள்’ என்பார். பணிவோடு மறுத்து, உங்கள் பெயரில் ஒரு கணக்கைக் கேட்டுப் பெறுங்கள். அவர்மீது ஐயம் கொண்டு அல்ல. அவருடைய பெயரும் உங்களுடைய பெயரும் ஒருங்கே காக்கப்பட வேண்டும் என்பதற்காக. கடவுச்சொல் காப்பது கணக்கை மட்டுமன்று. கணக்கு எழுதுபவரின் மானத்தையும் அதுவே காக்கிறது.