ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?

("ஊர் நட்பைக் கட்டிக் காப்பவை பழைய நினைவுகளே! குடும்பச் செய்திகளே!" என்ற தலைப்பில் வால்பாறையில் நடந்த பட்டிமன்றத்தில், 'குடும்பச் செய்திகளே' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பழைய நினைவுகளை மூட்டை கட்டிச் சுமந்து வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! சாரல் மழையையும் பொருட்படுத்தாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் வால்பாறைப் பெருமக்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் எவ்வளவு உருக்கமாகப் பேசினார்கள்! தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம், விடிகாலையில் ஊதுகிற எஸ்டேட் சங்கு, ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனது... அரங்கமே கண்கலங்கிப் போச்சு. நானும் கலங்கினேன். நான் இந்த மலையில் பிறந்தவன். கொழுந்து பறிச்ச கையாலதான் எங்கம்மா எனக்குச் சோறு ஊட்டினாங்க. ஆனால் அம்மையார் பேசி முடிச்சதும், இடைவேளையில டீ குடிக்கக் கீழே இறங்கினேன். எங்க எஸ்டேட்காரர் ஒருத்தர், கண்ணைத் துடைச்சுக்கிட்டே கிட்ட வந்தார். வந்து என்ன கேட்டார் தெரியுங்களா? "ஏனுங்க, அம்மாவுக்கு அந்த முட்டிவலி இப்ப எப்படீங்க இருக்குது?" (சிரிப்பு)

அழுதது நினைவுக்காக. ஆனா வாயைத் திறந்து கேட்டது செய்தி! நடுவர் அவர்களே, தீர்ப்பு டீக்கடையிலேயே சொல்லியாச்சு. நீங்க இனிமே படிச்சா மட்டும் போதும். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நம்ம கொங்கு நாட்டு வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பத்து வருஷம் கழிச்சு ரெண்டு பேர் சந்திக்கிறாங்க. முதல் வார்த்தை என்ன? "வாங்க வாங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" ரெண்டாவது வார்த்தை? "பெரிய பொண்ணுக்கு முடிச்சாச்சுங்களா?" யாராவது எடுத்த எடுப்பிலே, "1983-ல நாம கொய்யாக்கா திருடினமே, ஞாபகம் இருக்குதுங்களா?"ன்னு கேட்கிறாங்களா? (சிரிப்பு) கொய்யாக்காய் பிறகு வரும். டீ வந்த பிறகு வரும். முதலில் வருவது குடும்பம்.

எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்றாலும், வால்பாறைக்கு ஆயிரம் மடங்கு பொருந்தும். ஏன் தெரியுமா? சமவெளியில் இருக்கிறவனுக்குச் சொந்த ஊரில் ஒரு வீடு இருக்கும். ஓடு சரிஞ்சு கிடந்தாலும், திண்ணையில ஆடு படுத்துக் கிடந்தாலும் அது அவன் பாட்டன் வீடு. எந்தக் காலத்திலும் அந்தத் திண்ணைக்குப் போய் நின்று, "இவர் மகன் இப்ப எங்கீங்க?"ன்னு கேட்டால், பக்கத்து வீட்டுப் பாட்டி பதில் சொல்லும்.

நம்ம மலையில் அப்படியா? திருநெல்வேலியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் கங்காணிகள் கூட்டி வந்த ஜனம் நாம். இருக்கிற வீடு எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வேலை செய்கிறவனுக்கு முதலாளி வீடு கொடுக்கணும்னு சொல்லிச்சு. நல்ல சட்டம். ஆனா அது வேலைக்குக் கொடுத்த வீடு. வேலை முடிஞ்சா சாவியைக் கொடுத்திடணும். முப்பது வருஷம் பால் காய்ச்சின அடுப்பு அது. பிள்ளை பெத்த வீடு, பெரியவங்க கண்ணை மூடின வீடு. ஓய்வு பெற்றவுடன் பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏத்திக்கிட்டு, நாற்பது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஆழியாறு போயாகணும். அடுத்த மாசம் அந்த வீட்டுக் கதவைத் தட்டினா, வேற குடும்பம் எட்டிப் பார்க்கும். இப்போதெல்லாம் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள். அவங்க நல்லா இருக்கட்டும், அவங்களும் நம்ம மாதிரி பிழைக்க வந்தவங்கதான். ஆனா நம்ம சினேகிதன் எங்கே போனான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 95 ஆயிரம். 2011-இல் ஏறக்குறைய 71 ஆயிரம். நான் தமிழ் வாத்தியார், கணக்கில் கொஞ்சம் மட்டம். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. பத்தே வருஷத்தில், நாலு பேர் இருந்த இடத்தில் மூணு பேர்! இறங்கினவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், கோயமுத்தூர் மில்லுக்கும் பட்டறைக்கும் போனார்கள். திருப்பூரில் ரெண்டு தரம் வாடகை வீடு மாறினால் முகவரி போச்சு. செல்பேசி எண் மாறினால் ஆளே போச்சு. இந்த ஊரில் சினேகிதனைத் தொலைக்க சண்டை போட வேண்டியதில்லை. ஆறு மாசம் விசாரிக்காமல் இருந்தால் போதும். (கைதட்டல்)

ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் பேர் சொல்ல வேண்டாம் என்றார்கள். ஒருவர் இன்னும் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். அவரோட படிச்ச இன்னொருத்தர் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே இறங்கிப் பொள்ளாச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒரு ஐப்பசி ராத்திரி, மழை கொட்டுது. எஸ்டேட்காரர் மகளுக்குத் திடீர்னு வலி கண்டுருச்சு. பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர். நாற்பது வளைவு. வழியில் எந்த வளைவில் ஆனை நிற்குமோ தெரியாது. வண்டியில் ஏறிக்கொண்டே கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர், "யாருக்கு, என்ன?"ன்னு கேட்கலை. "பெரியவளுக்கா? எட்டு மாசம்தானே ஆச்சு? நீ வண்டியை விடு, நான் போறேன்" என்றார். அவ்வளவுதான். வண்டி போய்ச் சேரும்போது ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு அவர் நிற்கிறார். பக்கத்தில் அவர் சம்சாரம், வெந்நீர் ஃபிளாஸ்கும் துவைச்சு மடிச்ச பழைய நூல் சேலையுமாக நிற்கிறார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. (கைதட்டல்)

எதிரணி நண்பர்களே! அன்றைக்கு அந்த உயிரைக் காப்பாற்றியது எது? ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து கொய்யாக்காய் திருடிய நினைவா? "எட்டு மாசம்" என்கிற செய்தியா? எட்டு மாசம்னு தெரியணும்னா, ஏழாவது மாசத்தில் பேசியிருக்கணும் இல்லையா!

திருவள்ளுவர் நட்புக்கு ஐந்து அதிகாரம் வைத்தார். அதில் 81-ஆம் அதிகாரத்தின் பேரே 'பழைமை'. "பார்த்தீர்களா, வள்ளுவரே எங்கள் கட்சி" என்று எதிரணித் தலைவர் முன்னாலேயே துண்டு போட்டு வைத்திருக்கிறார். (சிரிப்பு) ஐயா, அந்த அதிகாரத்தைத் திறந்து படியுங்கள். பழைய நண்பனோடு உட்கார்ந்து பழங்கதை பேசு என்று அங்கே ஒரு குறளும் இல்லை. பழைமை என்று வள்ளுவர் சொல்வது உரிமை. நண்பன் கேட்காமலே உரிமையோடு ஒரு காரியத்தைச் செய்தால், அதை விரும்பி ஏற்றுக்கொள்கிற நெருக்கம். பொள்ளாச்சிக் கடைக்காரர் செய்தாரே, அதுதான் பழைமை! கேட்காமலே செய்யணும்னா, என்ன வேணும்னு தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சிருக்கணும்னா விசாரிச்சிருக்கணும்.

ஆனை என்று சொன்னேன். இந்த மலை ஜனத்துக்கு ஆனையைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் டிவி பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பினர் 2002 முதல் இங்கே ஆனைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இருட்டில், ஆனை நிற்பது தெரியாமல் நடந்து போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். இன்றைக்கு ஆனை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓட விட்டார்கள். பிறகு செல்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் ஆனை வந்தால் விளக்கு எரியும். இந்தப் பணிக்காக 2015-இல் ஆனந்தகுமார் அவர்களுக்கு லண்டனில் விட்லி விருது கொடுத்தார்கள்.

இதில் நம்ம தலைப்புக்கு என்ன பாடம்? "போன வருஷம் ஆனை இந்தப் பக்கம் வந்துச்சு" என்பது நினைவு. "இப்ப தேயிலைக் காட்டுல நிக்குது, அந்தப் பக்கம் போகாதே" என்பது செய்தி. சாயங்காலம் வேலை முடிஞ்சு லைனுக்கு நடந்து வருகிற பொம்பளைக்கு எது வேணும்? (கைதட்டல்) ஆனைக்கே இப்படின்னா, கடன், வியாதி, கல்யாணம் ஆகாத பொண்ணு, வேலை போன பையன்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் இருட்டுல ஒரு ஆனை நிக்குதே, அதுக்குச் சிவப்பு விளக்கு போடுறது யாருங்க? விசாரிக்கிற சினேகிதன்தான்!

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். நட்பு என்றாலே நாம் சொல்வது பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும். ஒருவர் பாண்டிய நாட்டுப் பிசிர், இன்னொருவர் உறையூர் அரசர். எதிரணியைக் கேட்கிறேன்: இவர்களுக்குள் என்ன பழைய நினைவு இருந்தது? ஒரே பள்ளிக்கூடமா? ஒரே திண்ணையா? நேரில் பார்த்தது கூடக் கிடையாது! பொதுவான நினைவு என்று ஒரு குன்றிமணி அளவும் இல்லை. பிறகு எது இணைத்தது? புறநானூற்று 67-ஆம் பாட்டைப் பாருங்கள். ஆந்தையார் ஒரு அன்னத்தைக் கூப்பிடுகிறார். உறையூர் வழியாகப் போனால் அரண்மனைக்குப் போய் என் பேரைச் சொல், உன் பேடை அணிய நல்ல நகை தருவான் என்கிறார். தூது போகிற பறவையின் வீட்டுக்காரியைக்கூட விட்டுவிடவில்லை! (சிரிப்பு) இவ்வளவு வயதாகியும் நரை இல்லையே, எப்படி என்று அவரைக் கேட்டதற்கு 191-ஆம் பாட்டில் பதில் சொல்கிறார். முதல் காரணம் என்ன? என் மனைவி மாண்புடையவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள் என்கிறார். அது என்னங்க? சுத்தமான குடும்பச் செய்தி! அந்த நட்பு, அரசன் வடக்கிருந்து உயிர் விடும்போது தானும் போய்ப் பக்கத்தில் அமர்கிற அளவுக்கு வளர்ந்தது.

"செய்தி செய்தி என்கிறீர்களே, அதில் வம்பும் பொறாமையும் வருமே" என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. என் பதில் இதுதான். அவன் வீட்டைப் பற்றி இன்னொருத்தன்கிட்டக் கேட்டா அது வம்பு. அவன்கிட்டயே கேட்டா அது நட்பு! (கைதட்டல்) இன்னொன்றும் சொல்கிறேன். பழைய மாணவர்கள் கூடுகிற விழா நடக்குது. காரில் வருகிறவன் வருகிறான். பையனுக்கு வேலை போனவன், மனைவியை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறவன் வருவதில்லை. அங்கே வந்தவர்கள் அவனுடைய பழைய படத்தைப் பார்த்து, "எப்படிச் சிரிப்பான் பாரு!" என்று பேசிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டுப் போய்விடுகிறார்கள். அவனை நினைத்தார்கள், உண்மைதான். விசாரித்தார்களா? நினைவில் அவனுக்கு எப்பவும் பதினாலு வயசு, அரைக்கால் சட்டை. நிஜத்தில் அவனுக்கு ஐம்பத்தைந்து வயசு, சர்க்கரை வியாதி, தலைக்கு மேல கடன். நமக்கு வேண்டியது எந்த ஆள் என்று நடுவர் அவர்களே சொல்லட்டும்.

பெரியவர்கள் ஒரு பேச்சு சொல்வார்கள். நல்ல காரியத்துக்குச் சொன்னாத்தான் போகணும், கெட்ட காரியத்துக்குக் கேட்டாலே போகணும். கேட்டாலே போகணும் சரி, காதில் விழணுமே! தந்தி இருந்தது, அதுவும் 2013 ஜூலையோடு நின்றுபோனது. இன்றைக்குச் சட்டைப் பையிலேயே போன் இருக்கு. அதில் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூப் படம் அனுப்புகிறோம். ரோஜாப்பூவை நிறுத்திவிட்டு, "மாமா, அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

பழைய நினைவுகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்களுக்குத் தெரிந்த தேயிலைச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட செடிகள் இந்த மலையில் இன்னமும் இருக்கின்றன. வேர் நூறு வருஷத்து வேர். அந்த வேர் இல்லாட்டி செடி இல்லை. அதுதான் நம்ம நினைவு. ஆனா டீத்தூள் எதிலிருந்து வருது? வேரைப் பிடுங்கியா காய்ச்சுகிறோம்? (சிரிப்பு) ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாக, மறுபடி மறுபடி புதுசாத் துளிர்க்கிற கொழுந்தைத்தானே பறிக்கிறோம்! கொழுந்து எடுக்காமல் விட்டால், அதே செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகிப் போகும். வேர் அப்படியேதான் இருக்கும். தேயிலைத் தோட்டம் இருக்காது. நட்பும் அப்படித்தான்.

ஆகவே, வேருக்கு மரியாதை செய்கிறேன். கொழுந்துக்கு ஓட்டுப் போடுகிறேன். சொந்த வீடு இல்லாத இந்த மலை ஜனத்துக்கு, ஒருத்தர் வீட்டு நல்லது கெட்டது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கிறதுதான் சொந்த ஊர். ஊர் நட்பைக் கட்டிக் காப்பவை குடும்பச் செய்திகளே, குடும்பச் செய்திகளே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)