எரிந்த கோயிலின் சுவர்கள்

(சிட்னியில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம்மிற் பலர் வசிக்கும் மேற்கு சிட்னியின் நடுவே, பரமற்றாவில், புனித பற்றிக் பேராலயம் இருக்கின்றது. நான் கத்தோலிக்கன் அல்லன். பொறியியல் படித்துக் கணினித்துறையில் பணிபுரிபவன். எனினும் அக்கட்டடம் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றது என்பதனாலேயே இன்று அதனைப் பற்றிப் பேசுகின்றேன்.

அவுஸ்திரேலியாவின் முதலாவது கத்தோலிக்க ஆயரான போல்டிங் 1836 மார்ச் 17 அன்று, புனித பற்றிக் திருநாளில், அங்கே அடிக்கல் நாட்டினார். தாயகத்தை விட்டு வந்த ஐரிஷ் மக்களுக்கு அது வழிபாட்டு இடம் மட்டுமன்று, தாம் யார் என்பதை மறவாதிருக்கும் இடமுமாகும். பின்னாளில் அங்கே பெரிய கற்கோயில் எழுந்தது, கோபுரமும் சேர்ந்தது. 1986இல் பரமற்றா மறைமாவட்டம் உருவானபோது அது பேராலயமாக உயர்ந்தது.

பத்தாண்டுகளில், 1996 பெப்ரவரி 19 அன்று, தீ அதனை விழுங்கியது. மரத்தாலான கூரை போயிற்று. கற்சுவர்களும் கோபுரமும் எஞ்சி நின்றன.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். எதுவும் நடவாததுபோல் பழைய வடிவிலேயே எழுப்பியும் இருக்கலாம். கட்டடக்கலைஞர் ரொமால்டோ ஜூர்கோலா இவ்விரண்டையும் செய்யவில்லை. கன்பராவில் 1988இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றத்தைக் குன்றின் மேல் ஏற்றி வைக்காமல் குன்றோடு இணைத்து, அதன் மேல் புல்வெளி படர விட்டவர் அவர். பரமற்றாவிலும் பழைய சுவர்களைச் செப்பனிட்டுச் சிற்றாலயமாக்கி, அருகே அதனோடு இணைந்த புதிய பேராலயத்தை அமைத்தார். 2003 நவம்பர் 29 அன்று அது நேர்ந்தளிக்கப்பட்டது. பழையது புதியதன் வாயிலாயிற்று.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் வெண்ணிறத்தில் மீண்டும் எழுந்தது. எரிந்த பகுதியை நினைவாக விட்டுவைக்க வேண்டும் என்று கேட்டோரும் இருந்தனர். கட்டடத்தை மீளக் கட்டலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த சுவடியை எந்தப் பொறியியலாளராலும் மீளக் கட்ட முடியாது.

எமது துறையில் ஒரு பாலபாடம் உண்டு: ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் தரவு பாதுகாப்பற்றது. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் இதையே செய்து வருகின்றது.

பெற்றோர்களே, பெட்டிகளில் உறங்கும் கடிதங்களையும் மலர்களையும் வெளியே எடுங்கள். இளையோரே, அவற்றை மின்வருடி, பாட்டியின் குரலையும் பதிவு செய்யுங்கள். நாம் எதைக் கட்டினாலும் இவையே அதன் பழைய சுவர்கள்.

ஒரு ஞாயிறு பிள்ளைகளுடன் பரமற்றா சென்று அச்சுவர்களைத் தொட்டுப் பாருங்கள்.