அடி தேடிய கிறித்தவத் துறவி



திருவண்ணாமலையின் தலவரலாறு செருக்கைப் பற்றியதே ஆகும். தம்முள் பெரியவர் யாரென்று பிரமனும் திருமாலும் வாதிட்டபோது, இறைவன் அழற்பிழம்பாய் நின்றான் என்பர். அன்னமாய்ப் பறந்து முடியைக் காணாத பிரமன், தாழம்பூவைப் பொய்ச்சான்றாக்கிக் கண்டதாகக் கூறினான். பன்றியாய் நிலம் அகழ்ந்த திருமாலோ, அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். காணாமை இருவர்க்கும் பொது. அதனை ஒப்புக்கொண்ட பணிவு ஒருவர்க்கே உரியது. இம்மலையடிவாரத்தை நாடி வந்த கிறித்தவத் துறவி ஒருவரின் வாழ்வுக்கு இக்கதை நல்லதோர் உரையாக அமைகிறது.

ஆன்றி லெ சோ பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியில் 1910ஆம் ஆண்டு பிறந்தவர். 1929இல் புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்து, பின்னர்க் குருவானார். 1948இல் தமிழகம் வந்து, குளித்தலையில் பணியாற்றிய மோன்சானின் அடிகளாருடன் இணைந்தார். 1949 சனவரியில் இருவரும் இரமணாசிரமம் சென்றனர்.

இரமணர் மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர்; 1896இல் அண்ணாமலை சேர்ந்தவர். எரியும் புதரில் மோசேக்கு வெளிப்பட்ட இறைவனின் திருப்பெயரை, ‘நான் யார்?’ என்னும் தம் விசாரத்தோடு இயைத்துக் காட்டியவர். அத்தகையவர் முன் அமர்ந்தும், லெ சோ எதிர்பார்த்த ஒளி முதலில் அவருக்குப் புலப்படவில்லை. அங்கிருந்த எத்தல் மெர்ஸ்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அதன் காரணத்தைச் சுட்டினார். அவர் மிகுந்த சுமையோடு வந்திருப்பதாகவும், வரவேண்டியது தாம் வகுத்த வழியிலேயே வரவேண்டுமென எதிர்பார்ப்பதாகவும் கூறினார். பின்னர்க் காய்ச்சலுற்று ஆராயும் ஆற்றல் ஓய்ந்த நிலையிலேயே, ஆசிரமத்து வேத ஒலியும் மகரிசியின் மௌனமும் அவர் உள்ளத்துள் புகுந்தன.

செல்வச் செருக்கையும் கல்விச் செருக்கையும் எளிதில் கண்டுகொள்ளலாம். உண்மை முழுதும் தம்மிடமே உளது, பிறர்க்கு வழங்குதலன்றிப் பெறுதற்கு ஏதுமில்லை என்னும் சமயச் செருக்கோ, பத்தியின் உருவில் மறைந்து நிற்பது. ‘பெருமை’ என்னும் அதிகாரத்துள் வள்ளுவர் செருக்கின்மையையே பெருமையின் இயல்பாக வைத்தது ஈண்டு எண்ணத்தக்கது.

1950 மார்ச்சு 21இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் தொடங்கப்பெற்றது. அடுத்த மாதமே இரமணர் மறைந்தார். லெ சோ காவியுடுத்து, அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பெற்றார். கிறிஸ்து என்னும் சொல்லுக்குத் திருப்பொழிவு பெற்றவர் என்பது பொருள். அபிஷிக்தர் என்பதும் அதுவே. ஆதலின் புதுப்பெயர் பழைய பற்றை மறைக்கவில்லை. தமிழ் மண் அறிந்த ஒலியில் அதனையே உரைத்தது.

1952 முதல் அவர் அண்ணாமலைக் குகைகளில் தனித்திருந்தார். அத்தனிமை அமைதியை மட்டும் தரவில்லை. ‘நான்’ கரைந்துபோமிடத்தில், தாம் நேசித்த கிறிஸ்துவும் திருச்சபையும் என்னாவர் என்னும் வேதனை அவரை வாட்டியது. அவர் மறைவுக்குப் பின் அச்சேறிய நாட்குறிப்பு இப்போராட்டத்தை மறைக்காது காட்டுகிறது. இரு கரையில் ஒன்றைத் துறந்திருந்தால் அவருக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் எதனையும் துறக்கவில்லை. குருவாகவே வாழ்ந்து திருப்பலி நிறைவேற்றினார், உபநிடதங்களையும் ஓதினார். விடை கிட்டாமலே கிட்டியதாகக் கூறும் தாழம்பூச் சான்றை அவர் நாடவில்லை.

கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கிக்கொண்டார் எனப் பவுலடியார் பிலிப்பியர்க்கு எழுதினார். அதனைப் போற்றும் நெஞ்சம், தன் அறிவையும் தன் சமயப் பெருமிதத்தையும் இறக்கிவைக்க மறுத்தல் பொருந்துமா என்பதே அபிஷிக்தானந்தர் வாழ்வு எழுப்பும் வினா. பணிவு என்பது தன் நம்பிக்கையைக் கைவிடுதல் அன்று. அந்நம்பிக்கையைக் கொண்டு பிறரினும் தன்னை உயர்த்திக்கொள்ளாமை.

1968இல் சாந்திவனத்தை விட்டு அவர் வடக்கே இமயச் சாரலை அடைந்தார். 1973 சூலை 14இல் ரிஷிகேசத்தில், பேருந்தைப் பிடிக்க ஓடுகையில் மாரடைப்புற்று வீதியில் வீழ்ந்தார். கற்ற நூலும் பூண்ட பெயரும் துணைநில்லாத அந்நிலையைப் பின்னர் அவர் பேரருளாகவே கருதினார். அவ்வாண்டு திசம்பர் 7இல் இந்தூரில் மறைந்தார். மலையடிவாரத்தில் எழுந்த ‘நான் யார்?’ என்னும் வினாவுக்கு விடையாக, அவர் கொள்கை ஒன்றையும் நிறுவிச் செல்லவில்லை. அவ்வினாவின்முன் தாழ்ந்து நின்ற ஒரு வாழ்வையே விட்டுச்சென்றார்.