செல்லாத ஓட்டு யாருடைய ஓட்டு?

(வேடசந்தூரில் மாணவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் எழுத்தர். ஒரு செக்கைத் திருப்பினால்கூட என்ன காரணம்னு எழுதிச் சீட்டு வைத்துத்தான் கொடுக்கணும். ஐம்பது ரூபாய் செக்கானாலும் அதுதான் முறை. பணத்துக்கே இந்த மரியாதை என்றால், ஓட்டுக்கு என்ன மரியாதை?

நம்மூர் ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரிலும் சீட்டில்தான் நடந்தது. ஒரு ஆளுக்கு நாலு சீட்டு. காட்டு வேலையிலிருந்து நேராக வந்து வரிசையில் நின்ற அம்மா, முத்திரையைக் கோட்டு மேலே குத்திவிடுகிறாள். எண்ணும் மேசையில் 'செல்லாது' என்கிறார்கள். நம்ம முகவர் பையன் வாய் திறப்பதில்லை. சட்டம் தெரியாததுதான் காரணம்.

1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 56-வது விதி இதைத்தான் பேசுகிறது. ஊராட்சிக்கு மாநில விதிகள் தனி. ஆனாலும் இதைப் படித்து வையுங்கள். முத்திரையே இல்லை, இரண்டு பேருக்குக் குத்தியிருக்கு, கொடுத்த கட்டையை விட்டுக் கைநாட்டு வைத்திருக்கு, யார் போட்டதுன்னு காட்டுகிற குறி இருக்கு, சீட்டே போலி: இப்படியானவை செல்லாது. ஆனால் முத்திரை மங்கலாக இருக்கு, ஒருத்தருக்கே இரண்டு தடவை விழுந்திருக்கு என்பதற்காக மட்டும் தள்ளக்கூடாது. யாருக்குப் போட்டார் என்பது தெளிவாகத் தெரிந்தால் அது ஓட்டுதான். தள்ளுவதற்கு முன் முகவருக்குக் காட்டணும். நீங்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. தள்ளிய சீட்டில் காரணத்தையும் எழுதணும்.

மறு எண்ணிக்கைக்கு 63-வது விதி. மொத்தத்தை அறிவித்ததும், முடிவுப் படிவத்தில் அதிகாரி கையெழுத்துப் போடுவதற்குள், காரணங்களோடு எழுத்தில் கேட்கணும். மறுத்தால் அவரும் காரணத்தை எழுத்தில் தரணும். வாயால் போடும் சண்டை கணக்கில் வராது.

2024 ஜனவரி 30, சண்டிகர் மேயர் தேர்தல். அந்த ஆண்டு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பதவி. குல்தீப் குமாருக்கு 12, மனோஜ் சோன்கருக்கு 16, செல்லாதது 8 என்று அறிவித்தார்கள். அந்த எட்டிலும் தேர்தலை நடத்திய அதிகாரியே பேனாவால் குறி போட்டது காமிராவில் பதிவாகியிருந்தது. பிப்ரவரி 20-ல் உச்ச நீதிமன்றம் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்தது. எட்டும் குல்தீப்புக்கு விழுந்த ஓட்டு. 20-க்கு 16 என்று அவரே மேயர் என அறிவித்தது. சீட்டு கெடவில்லை தோழர்களே, கெடுத்தார்கள்.

எல்லோருக்கும் மூன்று வாரத்தில் நீதி வந்துவிடாது. 2016-ல் ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றதாக அறிவித்தார்கள். தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லாது என்று தபால் ஓட்டுகளைத் தள்ளியதுதான் வழக்கு. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் சொல்லி மறுபடி எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது.

அதனால் வழக்கை நம்பி மேசையைக் கோட்டை விடாதீர்கள். அதே 2016-ல் காட்டுமன்னார்கோவில் தனித்தொகுதியில் தோழர் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். 87 என்பது நம்ம சேரியில் இரண்டு தெரு.

படித்த பிள்ளைகள் இரண்டு வேலை செய்யுங்கள். தேர்தலுக்கு முந்தின வாரம் தெருத் தெருவாகப் போய், எங்கே குத்தணும், எப்படி மடிக்கணும்னு நம்ம அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். எண்ணுகிற அன்றைக்கு வெள்ளைத் தாளும் பேனாவுமாக மேசையில் உட்காருங்கள். 'செல்லாது' என்றால், 'எந்தக் காரணம்? எழுதுங்க சார்' என்று கேளுங்கள்.

அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து குத்திய முத்திரை அது.